சேலம், நாமக்கல் சமவெளி ஊர்வன: சட்டப் பாதுகாப்பும் வாழிடத் துண்டாடலும்

சேர்வராயன், கஞ்சமலை, போதமலை, கொல்லிமலை ஆகியவற்றின் அடிவாரங்களிலிருந்து காவிரிக்கரை வரை பரந்து கிடப்பது சேலம், நாமக்கல் சமவெளி. முட்புதர்க் காடு, மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிக்கரை, ஊருக்கு ஊர் எழுந்து நிற்கும் பாறைக் கரடுகள் ஆகியவை இங்குள்ள ஊர்வனவற்றின் வாழிடங்கள். உடும்பு, மண்ணுளிப் பாம்பு, சாரை, நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், ஓணான், பலவகைப் பல்லிகள் ஆகியவை இங்கு வாழ்கின்றன.

இவற்றுக்கான சட்டக் காவல் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். கொல்வது மட்டுமன்றிப் பிடிப்பதும், முட்டையைச் சேதப்படுத்துவதும் இச்சட்டப்படி வேட்டையே. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி சாரை, நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் போன்றவை மிகுந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணைக்கு உயர்ந்தன. உடும்பு அதற்கு முன்பே அதில் இருந்தது. முதல் அட்டவணை உயிரினத்தை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

வேட்டைக்கு அதிகம் இரையாவது உடும்புதான். பிளந்த நாக்கை நீட்டி நீட்டி மண்ணை மோப்பம் பிடித்துச் செல்லும் இது, கறையான் புற்றிலும் குழி பறித்து முட்டையிடும். இறைச்சி ஆண்மை தரும், எண்ணெய் மூட்டுவலி தீர்க்கும் என்ற நம்பிக்கைக்கு மருத்துவச் சான்று எதுவும் இல்லை. ஆண் உடும்பின் இனவுறுப்பை உலர்த்தி, ‘ஹத்தா ஜோடி’ என்னும் அதிர்ஷ்ட வேர் என இணையத்தில் விற்றதும் உண்டு. மண்ணுளிப் பாம்பின் கதை இன்னும் கொடுமை. அதன் வால் மழுங்கி, தலை போலவே தோன்றும். அதைக் காட்டி ‘இருதலைப் பாம்பு’ என்று லட்சக்கணக்கில் பேரம் பேசும் மோசடிக் கும்பல்களால், யாருக்கும் தீங்கு செய்யாத ஒரு பிராணி மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்படுகிறது. இத்தகைய வழக்குகளில் சோதனையிட, பறிமுதல் செய்ய, கைது செய்ய வனத்துறைக்குச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது.

ஆனால் பையில் பிடிபட்ட பாம்பை மீட்கத் தெரிந்த சட்டத்துக்கு, அதன் காலடி நிலத்தைக் காக்கத் தெரியவில்லை. சங்ககிரியின் கருங்கல் பாறைகளில் வாழும் நெமாஸ்பிஸ் அகர்வாலி என்ற பல்லி அறிவியலுக்கு அறிமுகமானது 2019இல்தான். வால் நீங்கலாக ஏறக்குறைய 3 செ.மீ. நீளமே உள்ள இது பகலில் நடமாடும். பாறையும் பாறை இடுக்கும்தான் அதன் உலகம். இதைப் பிடித்து விற்க யாரும் வருவதில்லை. அதற்கு ஆபத்து வெடி வைத்துக் கல் உடைப்பதில்தான் இருக்கிறது. ஒரு கரட்டிலிருந்து அடுத்த கரட்டுக்கு வயலையும் சாலையையும் கடந்து செல்ல இத்தகைய பல்லியால் இயலாது. எனவே ஒரு கரடு ஜல்லியாகிவிட்டால், அங்கே ஒரு கூட்டமே முடிந்துபோகும்.

வனவிலங்குச் சரணாலயம், தேசியப் பூங்கா, காப்புக்காடு ஆகியவற்றிலிருந்து 1 கி.மீ. சுற்றளவுக்குள் குவாரி கூடாது என்று தமிழக அரசு 2021 நவம்பரில் விதி செய்தது. 2022 டிசம்பரில் காப்புக்காடுகளை அந்த விதியிலிருந்து விலக்கியது. காப்புக்காடுகளை ஒட்டிய கரடுகளுக்குக் கிடைத்த கவசம் ஓராண்டுக்குச் சற்றே கூடுதலாகத்தான் நீடித்தது. இது வருந்தத்தக்க பின்வாங்கல்.

சாலைகள் இன்னொரு வெட்டு. இரவில் தார்ச்சாலையின் சூட்டுக்கு வரும் பாம்புகள் சேலம்–நாமக்கல் நான்குவழிச் சாலை போன்றவற்றில் நசுங்குகின்றன. நடுத்தடுப்பு உயர்ந்த இடங்களில் திரும்பவும் வழி கிடைப்பதில்லை. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை வழக்கில், நிலம் எடுக்கும் அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டியதில்லை என்று 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடம் முடிவான பிறகு வரும் ஆய்வு, அங்கே என்ன வாழ்கிறது என்பதைப் பதிவு செய்யலாம். தடத்தை மாற்றுவது அரிது.

கல்குவாரிக்கு ஏலம் விடும் முன் அந்தக் கரட்டில் ஊர்வனவற்றைக் கணக்கெடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். உடும்போ மண்ணுளியோ விலைக்கு வருவதாகக் காதில் பட்டால், கேட்டவர் அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குத் தயங்காமல் தகவல் தர வேண்டும்.