இந்த மழைக்கு யார் பொறுப்பு? – ஒரு கேள்வியின் கதை

ஒரு பெருமழையோ புயலோ வந்தால் போதும், ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். "எல்லாம் பருவநிலை மாற்றம்தாங்க" என்று ஒரு கோஷ்டி. "அட போங்கப்பா, எங்க தாத்தா காலத்துலயே இதைவிடப் பெரிய வெள்ளம் வந்திருக்கு" என்று இன்னொரு கோஷ்டி. டீக்கடையில் ஆரம்பிச்சு டிவி விவாதம் வரைக்கும் இதே கதைதான். நடுவில் ஒரு விஞ்ஞானியைப் பிடிச்சுக் கேட்டால், "எந்த ஒரு தனி மழையையும் காட்டி அப்படிச் சொல்லிட முடியாது" என்று நழுவிடுவார்.

ரொம்ப காலத்துக்கு அதுதான் நேர்மையான பதிலாகவும் இருந்தது. ஆனால் கடந்த இருபது வருஷத்துல அந்தப் பதில் காலாவதியாயிடுச்சு. அது எப்படி ஆச்சு என்பதுதான் இந்தப் பதிவு. நடுவில் நம்ம சென்னையும் வருது, அதுவும் பலர் எதிர்பார்க்காத மாதிரி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க :-)

பழைய கணக்கு

கரியமில வாயு கூடினால் பூமி சூடாகும் என்பது நேத்து கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. 1896-லேயே ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வான்டே அர்ரீனியஸ், காற்றில் அந்த வாயு ரெண்டு மடங்கானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். 1938-ல் கை காலண்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், பல நாடுகளின் வெப்பநிலைப் பதிவேடுகளைத் திரட்டி, "பூமி ஏற்கனவே சூடாக ஆரம்பிச்சாச்சு" என்று காட்டினார். வேடிக்கை என்னன்னா, இதனால் நல்லதுதான் நடக்கும் என்று அவர் நம்பினார். குளிர் நாட்டுக்காரர் இல்லையா!

மழைக்கும் இதுக்கும் உள்ள தொடர்பும் பழைய இயற்பியல்தான். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். பெரிய பாத்திரத்தில் பிடிச்ச தண்ணியைக் கவிழ்த்தால் கொட்டுறதும் அதிகமாத்தான் இருக்கும்.

ஆனால் இதெல்லாம் சராசரிக் கணக்கு. வானிலை என்பது தினம் ஏறி இறங்கும் சத்தக்காடு. அந்தச் சத்தத்துக்குள்ளே மனிதனின் கைரேகையைத் தேடிப் பிடிப்பது எப்படி என்று 1970களின் கடைசியில் ஜெர்மானியர் கிளவுஸ் ஹாசல்மான் வழி வகுத்தார். (2021 இயற்பியல் நோபலில் அவருக்கும் பங்கு கிடைத்தது.) 1988 ஜூன் 23 அன்று, அமெரிக்கா வெயிலிலும் வறட்சியிலும் வாடிக்கொண்டிருந்த நேரத்தில், ஜேம்ஸ் ஹான்சன் அந்நாட்டு செனட் குழு முன்னால் சாட்சி சொன்னார். பூமி சூடாவது உறுதி என்றார். ஆனால் குறிப்பிட்ட ஒரு வறட்சியை அதன் தலையில் கட்ட முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அதை விளக்க அவர் எடுத்துக்கொண்டது தாயக்கட்டை. வெப்பமான கோடை விழும் முகங்களின் எண்ணிக்கையை யாரோ கூட்டிக்கிட்டே வர்றாங்க. ஒரு தடவை உருட்டி வெப்பம் விழுந்தால் அது திருத்தின கட்டையாலா, அதிர்ஷ்டத்தாலா என்று சொல்ல முடியாது. பல தடவை உருட்டினால்தான் குட்டு வெளிப்படும்.

சமையலறைக்குப் பக்கத்தில் தேம்ஸ்

2003 ஜனவரி. இங்கிலாந்தின் தென்பகுதியில் வெள்ளம். ஆக்ஸ்போர்டில் மைல்ஸ் ஆலன் என்ற இயற்பியலாளரின் வீட்டுச் சமையலறைக் கதவை நோக்கி தேம்ஸ் நதி ஏறிக்கிட்டு இருக்கு. வானொலியில் வானிலைத் துறைக்காரர் அதே பழைய பதிலைச் சொல்றார்: இந்த மாதிரி வெள்ளம் அடிக்கடி வரலாம், ஆனா இந்த வெள்ளத்துக்குப் புகைதான் காரணம்னு சொல்ல முடியாது.

ஆலன் உட்கார்ந்து 'நேச்சர்' இதழுக்கு ஒரு சிறு கட்டுரை எழுதினார். அவர் கேட்டது அறிவியல் கேள்வி மட்டும் இல்லை, பணக் கேள்வியும்கூட. முடியாது என்பது கொள்கை அளவிலேயே முடியாதா, இல்லை இப்போதைக்கு முடியாதா? நாளைக்கு முடியும் என்று ஆனால், வீட்டை இழந்தவன் புகை விட்டவனிடம் நஷ்டஈடு கேட்கலாமே?

அதே வருஷம் ஆகஸ்டில் ஐரோப்பா கொதித்தது. பிரான்ஸில் மட்டும் சுமார் 15,000 பேர். ஐரோப்பா முழுக்க அந்தக் கோடையில் வழக்கத்தைவிட 70,000-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்ததாகப் பிற்பாடு கணக்கிட்டார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். ஆகஸ்ட் அங்கே விடுமுறை மாதம். பலர் வீட்டில் தனியாகவே போய்ச் சேர்ந்தாங்க. வெயில் என்பதை நாம பேரிடர் கணக்கிலேயே சேர்க்கிறதில்லை. வெள்ளம் மாதிரி படம் காட்டாது. சத்தமில்லாம ஆளைக் கொண்டுபோயிடும்.

2004-ல் பீட்டர் ஸ்டாட், டெய்தி ஸ்டோன், ஆலன் மூணு பேரும் சேர்ந்து அந்தக் கோடையைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் செய்த பெரிய வேலை கேள்வியை மாத்தியதுதான். "இந்த வெயிலுக்கு மனிதன் காரணமா?" என்று கேட்கவில்லை. "மனிதன் புகை விடாமல் இருந்திருந்தால் இப்படி ஒரு கோடை வர வாய்ப்பு எவ்வளவு? விட்டதால் எவ்வளவு?" என்று கேட்டார்கள்.

புகை பிடிக்கிறவருக்குப் புற்றுநோய் வந்தால், அந்த சிகரெட்டால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் சத்தியம் செய்ய மாட்டார். ஆனால் ஆபத்து எத்தனை மடங்கு கூடியது என்று தயங்காமல் சொல்வார். அதே தர்க்கம்தான் இங்கேயும். கணினிக்குள்ள ரெண்டு உலகம். ஒண்ணு நம்ம உலகம், இன்னொண்ணு ஆலைப்புகையே இல்லாத உலகம். ரெண்டிலும் வானிலையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து எண்ணுவது. கிடைத்த விடை: அப்படிப்பட்ட கோடைக்கான ஆபத்தை மனிதச் செயல் குறைந்தது இரண்டு மடங்காக்கியிருக்க 90 சதவீதத்துக்கும் அதிக வாய்ப்பு உண்டு.

ஒரே வெயிலுக்கு ரெண்டு தீர்ப்பு

அதுக்கப்புறம் எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. முதல் பிரச்சினை வேகம். 2000-ம் ஆண்டு இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தில் வந்த வெள்ளத்தைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது 2011-ல்! உலகம் முழுக்க ஆர்வலர்கள் தங்கள் வீட்டுக் கணினி சும்மா இருக்கும் நேரத்தை இரவல் கொடுத்து, ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பார்த்த கணக்கு அது. பதினோரு வருஷம் கழிச்சு வந்த பதில் யாருக்குப் பிரயோஜனம்?

ரெண்டாவது பிரச்சினை இன்னும் தர்மசங்கடம். 2010-ல் ரஷ்யாவில் வரலாறு காணாத வெயில். மாஸ்கோ 38 டிகிரியைத் தாண்டியது, சுற்றிலும் காட்டுத்தீப் புகை. 2011-ல் ஒரு ஆய்வுக்குழு, இது பெரும்பாலும் இயற்கையின் ஏற்ற இறக்கமே என்றது. அதே வருஷம் ரம்ஸ்டார்ஃப், கூமூ என்ற இருவர், பூமி சூடாகாமல் இருந்திருந்தால் அந்த ஜூலை சாதனை நடந்திருக்காமல் போக 80 சதவீதம் வாய்ப்பு என்றார்கள். "பார்த்தீங்களா, இவங்களுக்குள்ளேயே ஒத்துப்போகலை" என்று கேலி பேச வசதியாகிவிட்டது.

2012-ல் ஃப்ரெடரிக்க ஓட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் சகாக்களும் முடிச்சை அவிழ்த்தார்கள். ரெண்டு குழுவும் சரிதான், கேட்ட கேள்விகள்தான் வேற. "வெயிலின் அளவில் எத்தனை டிகிரி நம்மால்?" என்று கேட்டால் கொஞ்சம்தான். "இவ்வளவு வெயில் அடிக்க வாய்ப்பு எத்தனை மடங்கு கூடியது?" என்று கேட்டால் நிறைய. மாமரத்துல உச்சிக் கிளை எட்டாம இருந்தவன் ஒரு செங்கல்லைப் போட்டு ஏறினால் பழம் கையில சிக்கிடும். உயரத்துல செங்கல்லோட பங்கு கம்மி. ஆனா பழம் சிக்கினதுக்கு அது இல்லாம முடியாது.

இதுக்கப்புறம் ஓட்டோவும் டச்சுக்காரரான கெர்ட் யான் வான் ஓல்டன்பர்க்கும் முன்னால் நிற்க, உலக வானிலைக் காரணம் காணும் குழு ஒன்று 2014-15 வாக்கில் உருவானது. வருஷக்கணக்கில் இல்லாமல், செய்தி சூடாக இருக்கும்போதே நாட்களில், வாரங்களில் விடை சொல்வது அவர்கள் இலக்கு. (வான் ஓல்டன்பர்க் 2021-ல் காலமானார்.)

நம்ம சென்னைக்கு வந்த பதில்

2015 டிசம்பர் 1. யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. விமான நிலையம் மூடல், அடையாறு கரை ரெண்டும் மூழ்கல், மொட்டை மாடியில் ஜனம். வெளியூரில் இருந்தவங்க எல்லாம் அடிக்காத போனை வெச்சுக்கிட்டுத் தவிச்ச நாள்.

அந்த மழையை வான் ஓல்டன்பர்க், ஓட்டோ குழுவினர் இந்திய விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். ஆய்வு 2016-ல் அமெரிக்க வானிலைக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. விடை: புவி வெப்பமடைதலின் தாக்கத்தை இந்த மழையில் கண்டறிய முடியவில்லை! எல் நினோ வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

ஏன்? மற்ற கடல்கள் சூடான அளவுக்கு வங்கக்கடலின் மேற்குப் பகுதி முந்தைய சில பத்தாண்டுகளில் சூடாகவில்லை. வட இந்தியாவின் புகையும் தூசும் வெயிலை மறைப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அதாவது ஒரு அழுக்கு இன்னொரு அழுக்கின் விளைவை மூடி மறைச்சிருக்கலாம்.

"கண்டறிய முடியவில்லை" என்றால் "இல்லவே இல்லை" என்று அர்த்தமில்லை. காற்றிலிருந்து அந்தப் புகை குறையும்போது கணக்கு மாறலாம். ஆனால் அன்றைய மழைக்கு அன்றைய பதில் அதுதான்.

எனக்கு இந்த ஆய்வு முக்கியமாகப் படுவதற்கு ரெண்டு காரணம். ஒண்ணு, எதைக் கொடுத்தாலும் "ஆமாம்" என்று சொல்லும் ஜோசியனை யாரும் நம்ப வேண்டாம். "இல்லை" என்று சொல்லத் தெரிந்தவன் "ஆமாம்" என்று சொல்லும்போதுதான் மதிப்பு. 2021-ல் மடகாஸ்கர் பஞ்சத்தைப் பற்றிக் கேட்டபோதும் பருவநிலை மாற்றத்தின் பங்கு மிகச் சிறியதே என்றார்கள். முதல் காரணம் வறுமை என்றார்கள். அதே வருஷம் கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி அடித்தபோது, புவி வெப்பமடையாமல் இது ஏறக்குறைய நடந்திருக்கவே முடியாது என்று அடித்துச் சொன்னார்கள். (மறுநாளே தீ வந்து அந்த ஊரின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது.) 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்து தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளை அடித்துக்கொண்டு போனதே, அந்த மழை சுமார் 10 சதவீதம் கூடியிருந்தது என்றார்கள். கூடவே, சின்ன மலைப்பகுதி என்பதால் கணக்கில் நிச்சயமின்மை அதிகம் என்றும் சொன்னார்கள்.

ரெண்டாவது காரணம் நம்மைச் சுடுவது. வானத்தைக் கை காட்ட முடியலைன்னா, அப்புறம் யாரைக் காட்டுறது? ஆற்றுக்கு மேலேயே விமான ஓடுபாதை, பள்ளிக்கரணைச் சதுப்பில் கட்டடங்கள், ஏரி இருந்த இடத்தில் நகர் நகரா வீடு, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறப்பு. இதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றுதான் 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையும் சொன்னது.

பருவநிலை மாற்றம் என்பது அதிகாரத்தில் இருக்கிறவங்களுக்கு ரொம்ப சௌகரியமான வார்த்தையும்கூட. "இயற்கை சார், உலகம் பூரா இப்படித்தான், நாம என்ன பண்ண முடியும்?" என்று கையை விரிச்சிடலாம்.

சரி, கடைசியில் தொடர்பு இருக்கா இல்லையா?

மொத்தமாகக் கேட்டால், இருக்கு. சந்தேகமே இல்லை. 2021-ல் ஐ.நா.வின் பருவநிலைக் குழு சொன்ன கணக்கு இது: தொழிற்புரட்சிக்கு முன்பு பத்து வருஷத்துக்கு ஒருமுறை வந்த கடும் வெயில், ஒரு டிகிரி சூடான உலகில் 2.8 மடங்கு அடிக்கடி வருது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை வந்த கனமழை 1.3 மடங்கு. வெயிலில் கைரேகை பளிச்சென்று தெரியுது, மழையில் கொஞ்சம் மங்கல், வறட்சியிலும் புயலிலும் இடத்துக்கு இடம் மாறுது. ஆகவே தனித்தனியாகக் கேட்டால், தனித்தனியாக எண்ணித்தான் சொல்லணும்.

ஆலன் 2003-ல் எழுப்பிய நஷ்டஈட்டுக் கேள்வி? அது நீதிமன்றம் வரைக்கும் போயாச்சு. பெரு நாட்டு மலை விவசாயி சவூல் லூசியானோ லியூயா, தன் ஊருக்கு மேலே பனி உருகி வீங்கிய ஏரியால் ஆபத்து என்று ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.ஈ. மின்நிறுவனத்தின் மேல் 2015-ல் வழக்குப் போட்டார். 2025 மே மாதம் ஹாம் நகர உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது, அவர் வீட்டுக்கான ஆபத்து போதுமான அளவு இல்லை என்று. ஆனால் பெரும் புகை விட்டவர்களைக் கொள்கை அளவில் பொறுப்பாக்க முடியும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. தேம்ஸ் கரையில் இருந்த பேராசிரியர் எழுப்பிய கேள்விக்கு ஆண்டிஸ் மலை விவசாயி பாதி பதில் வாங்கிட்டார்.

நஷ்டஈடு கேட்கணும்னா கணக்கு வேணும். கணக்குக்குப் பழைய மழைமானி ஏடு வேணும், எத்தனை பேர் வெயிலில் செத்தாங்க என்ற பதிவு வேணும். அது இல்லாத ஊர்களுக்கு எந்த விஞ்ஞானியாலும் விடை சொல்ல முடியாது. நம்மூர்ல வெயிலில் வேலை செஞ்சு சுருண்டு விழுகிற கொத்தனாரின் சாவை "மாரடைப்பு" என்று எழுதி முடிச்சிட்டா, அவர் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்.

அதனால அடுத்த மழைக்கு ரெண்டு கேள்வியையும் சேர்த்தே கேளுங்க மக்களே. வானம் எவ்வளவு கூடுதலாக் கொட்டுச்சு, கொட்டினதை வாங்க வேண்டிய ஏரியை யார் வித்தாங்க. ஒரு கேள்வியைக் காட்டி இன்னொண்ணை மறைக்க யாரையும் விடாதீங்க.