கனி கொய்யும் முறை

சித்திரை மாதத்தில் திருவண்ணாமலைக்குச் சென்றவர்கள் அவ்வூரின் வெப்பத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். பகலெல்லாம் காய்ந்த பாறைமலை, இரவிலும் அனல் வீசிக்கொண்டிருக்கும். ஆயினும் கொல்லைகளுக்கும் தோப்புகளுக்கும் அதுவே பலன் தரும் பருவம். புளி உலுக்கி முடிந்திருக்கும். மாங்காய் முற்றத் தொடங்கியிருக்கும்.

மன்னர் அளித்த நிலங்களைக் கல்வெட்டுகள் கூறும். ஒரு மரத்தின் கனியை யார் எடுத்தார், எப்படி எடுத்தார் என்பதை எழுதி வைப்பார் அரியர். திருவண்ணாமலையில் அத்தகைய செய்திகள் சில நமக்குக் கிடைத்திருப்பது ஒருவரால். 1896 செப்டம்பர் 1 அன்று, பதினாறு வயதில் அங்கு வந்து சேர்ந்த ரமண மகரிஷி, 1950 இல் மறையும் வரை அவ்வூரை விட்டு அகலவில்லை. அவரருகே நிகழ்ந்த சிறு நிகழ்ச்சிகளையும் அடியார்கள் குறித்து வைத்தனர்.

1898 இல் அவர் குருமூர்த்தத்தை அடுத்த மாந்தோப்பில் சில மாதங்கள் தங்கினார். தோப்புக் காவலுக்கென எழுப்பிய குடில்களே அவருக்கும் தொண்டர் பழனிசாமிக்கும் உறைவிடமாயின. கனியைக் காக்க அமைத்த குடிலில், எதையும் தமதென்று கொள்ளாத ஒருவர் அமர்ந்திருந்தார்!

பின்னர் அவர் மலைமீது விரூபாட்ச குகையில் வாழ்ந்தார். அக்காலத்தில் அங்கிருந்த புளிய மரங்களின் பலன் குத்தகைக்கு விடப்பட்டது. ஒருமுறை குத்தகைக்காரர் குரங்குகளை விரட்டக் கவண் எறிந்தார். கல் பட்டு ஒரு குரங்கு இறந்தது. மற்றக் குரங்குகள் அதன் உடலைச் சுமந்து மகரிஷியிடம் வந்து கதறினவாம். பிறந்த உயிர்க்கெல்லாம் இறப்பு உண்டென்று அவர் தேற்றி அனுப்பினார். குத்தகைக்காரரைக் கொடியவர் என்று நான் கருதவில்லை. முன்பணம் கட்டியவர், கிளையில் ஆடும் ஒவ்வொரு குரங்கையும் நட்டமாகத்தானே காண்பார்? ஆனால் அவர் குத்தகைக்கு எடுப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே குரங்குகள் அப்புளியைத் தின்றுவந்தன.

ஆசிரமம் மலையடிவாரத்தில் அமைந்த பின் நிகழ்ந்தது மற்றொன்று. மாமரத்தில் காய் பறிக்க வந்தவர்கள் கழிகளால் அடித்தனர். காயோடு இலைகளும் குவியலாக உதிர்ந்தன. அதைக் கண்ட மகரிஷி கடிந்துகொண்டார். பழம் கொடுக்கும் மரத்துக்குப் பிரதியாக அடியா என்பதே அவர் கேட்ட கேள்வி.

இது இரக்கம் மட்டுமன்று. தோட்டக்கலையும் அதையே கூறும். பறிப்பு முடிந்தபின் தளிர்க்கும் கொம்புகளிலேயே மறு ஆண்டுப் பூ பெரும்பாலும் தோன்றும். இலையும் கொழுந்தும் சிதைந்தால் மரத்தின் வலிமை குன்றும். அடிபட்டு விழுந்த காயோ பழுப்பதற்குள் அழுகும். ஆதலால் வலை கட்டிய தொரட்டியால் காம்பை வளைத்து இழுக்கவேண்டும். காம்பில் விரற்கடை அளவு விட்டுப் பறித்தால், பால் வழிந்து தோலைச் சுடாது. இளமையில் நானும் கல்லெறிந்து மாங்காய் வீழ்த்தியவனே. எங்கள் கொல்லை மரத்தின் கீழ்க் கொம்புகளில் அத்தழும்புகள் நெடுநாள் இருந்தன. அடுத்த வீட்டுப் பாட்டி தம் தொரட்டியை என் கையில் கொடுத்த பிறகுதான் கல் எறிவதை விட்டேன். உச்சியில் எட்டாத காய்களை அணிலுக்கென்று விட்டுவிடச் சொன்னார். அவற்றை எண்ணிப் பார்க்கவும் அவர் என்னை விடவில்லை.