பழைய காரின் பிரேக்கில் என்ன இருக்கு?

என் நண்பனோட அப்பா ஒரு மாரிஸ் மைனர் வச்சிருக்கார். போன மாசம் ஷெட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துக் காட்டினார். ரொம்பப் பழைய பிரேக் லைனிங் செட், இதுவரைக்கும் பிரிக்கவே இல்லை. "ஒரிஜினல்டா தம்பி, இதையே போட்டுரலாம்"னார். "அங்கிள், திறக்காதீங்க, ஒரு நிமிஷம்"னு சொன்னேன். அதுக்கப்புறம் அவருக்குச் சொன்ன கதைதான் இந்த எபிசோடு.

1888 ஆகஸ்ட். ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்கு பெர்தா பென்ஸ் ஏறக்குறைய 106 கிலோமீட்டர் காரோட்டிப் போறார். கூட இரண்டு மகன்கள். கணவர் கார்ல் பென்ஸுக்குத் தெரியாது. அந்த வண்டியில் பிரேக் என்பது மரக்கட்டைதான். இறக்கத்தில் கட்டை தேய்ஞ்சு போகுது. வழியில் பவுஷ்லாட் கிராமத்தில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி, கட்டை மேல் தோலை வச்சு ஆணி அடிக்கச் சொல்றார். லைனிங்கின் வரலாறு இங்கேதான் ஆரம்பிக்குதுன்னு வழக்கமா சொல்வாங்க.

அடுத்து இங்கிலாந்து. குதிரை வண்டிக்காரங்க பிரேக் கட்டையில் பழைய பூட்ஸை அடிச்சு ஓட்டுறதை ஹெர்பர்ட் ஃப்ரூட் கவனிச்சார். 1897-ல் இதையே தொழிலா ஆரம்பிச்சார். அவர் பெயரின் எழுத்துகளைக் கலைச்சு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்தா 'ஃபெரோடோ'. இன்னிக்கும் கடையில் கிடைக்கிற பிராண்ட்தான். முதலில் பருத்தியை நெய்து பிசினில் ஊறவச்சு லைனிங் செய்தார். ஆனா பருத்தி சூட்டில் கருகிடும். கார்கள் வேகமாகவும் கனமாகவும் ஆக, 1908-ல் பருத்தியின் இடத்துக்குக் கல்நார் வந்தது. ஆமா, நம்ம ஊர்க் கூரையில் இருக்கிற அதே ஆஸ்பெஸ்டாஸ்.

இன்ஜினியரா பார்த்தா கல்நார் ஒரு அதிசயம்தான். பாறையிலிருந்து வருது, ஆனா நூலா நூற்கலாம், துணியா நெய்யலாம், எரியாது. விலையும் குறைவு. அதனாலதான் அதை விட யாருக்கும் மனசு வரல.

அந்த நூலை நூற்ற கைகளைப் பத்திப் பேசணும். ராச்டேலில் டர்னர் பிரதர்ஸ் ஆலையில் கல்நார் நூற்றவர் நெல்லி கெர்ஷா. 1924-ல் இறந்தார், வயசு 33. நுரையீரல் முழுக்கத் தழும்பு. டாக்டர் குக் அதே வருஷம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை எழுதினார். கம்பெனி பொறுப்பேற்கல, இழப்பீடும் தரல. அதுக்கு இரண்டே வருஷம் கழிச்சு, 1926-ல், ஃபெரோடோவும் அதே டர்னர் குழுமத்துக்குள் போனது. வெள்ளைக் கல்நாரை பிரிட்டன் தடை செய்தது 1999-ல்! 75 வருஷம். இந்தியாவில் அதன் இறக்குமதி இன்னும் நிற்கல.

லைனிங் தேயும்போது ஏற்படுற சூட்டில் கல்நாரின் பெரும்பகுதி வேறு தாதுவா மாறிடும், ஆனா முழுசா இல்லை. மீதி இழைகள் டிரம்முக்குள் தூசியா தங்கும். ஷூவைத் தேய்க்கும்போதும் ரிவெட்டைத் துளைக்கும்போதும் புது இழைகள் பறக்கும். ஏர் ஹோஸ் வச்சு டிரம்மை ஊதினா நேரா நம்ம மூச்சுக்குள் வந்துடும். ஈரத் துணியில் துடைக்கணும், காய்ஞ்சு பறக்க விடக் கூடாது. சாதாரண துணி மாஸ்க் இதுக்குப் பத்தாது.

அப்போ எதைத்தான் போடறது? "கல்நார் இல்லாதது எல்லாம் நல்லது"ன்னும் சொல்லிட முடியாது. மைனரில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. முழு அழுத்தமும் உங்க காலிலிருந்துதான் வரணும். நவீன வண்டிக்கான கெட்டி லைனிங் போட்டா, குளிர்ந்த நிலையில் பிடிக்கவே பிடிக்காது, பெடலை மிதிச்சு மிதிச்சு கால் வலிக்கும். பழைய டிரம்மையும் சுரண்டும். நெய்த வகை மென்மையா இருக்கும், சீக்கிரம் தேயும், ஆனா டிரம்முக்குப் பதமா இருக்கும். லைனிங் ஓரத்தில் சில சமயம் இரண்டு ஆங்கில எழுத்து அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உராய்வு, இரண்டாவது கொதிக்கும்போது. 'இ' என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை. அந்த எழுத்து தேய்மானத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லாது.

இன்னொண்ணு, ஒரு ஆக்சிலில் இரண்டு பக்கமும் ஒரே லைனிங் இருக்கணும், இல்லன்னா மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிரம்மை லேத்தில் கடைஞ்சிருந்தா விட்டம் கூடியிருக்கும், ஷூவின் வளைவும் அதுக்குப் பொருந்தணும். பொருந்தலன்னா நடுவில் மட்டும் ஒட்டி, பாதி பிரேக்தான் கிடைக்கும்.

இதையெல்லாம் கேட்டுட்டு அங்கிள் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. பெட்டியை இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினார். அப்புறம் மெதுவா, "நாப்பது வருஷமா ஏர் அடிச்சுத்தானேடா டிரம் சுத்தம் பண்ணியிருக்கேன்"னார். நுரையீரல் டாக்டரைப் பார்த்து, இந்த வேலை செஞ்சதை மறக்காம சொல்லுங்க அங்கிள்னேன்.

"சரி, முதல்ல டிரம் சைஸ் எடு"ன்னார்.