ரொசெட்டாவும் ஊமையான நிரல்களும்

நிரலாளர் எழுதுவது மூலநிரல். நுண்செயலி அறிவதோ தனக்குரிய இயந்திரமொழி ஒன்றையே. ஆகவே நுண்செயலி மாறுமிடத்து நிரலையும் அதற்கேற்பப் புதிதாகத் தொகுத்தாக வேண்டும். ஆப்பிள் நிறுவனத்தாரின் மெக்கின்டாஷ் கணினி 1994இல் மோட்டரோலா 68000 வரிசையிலிருந்து பவர்பிசிக்கும், 2006இல் இன்டெலுக்கும், 2020இல் எம்1க்கும் மாறியது. ஒவ்வொரு முறையும் பழையதற்கும் புதியதற்குமான கட்டளைகளை ஒரே கோப்பில் இணைத்து வழங்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. கோப்பு பருத்தது, பயன்படுத்துவோர்க்குத் தொல்லையில்லை.

ஆயின், ஆக்கியோர் கைவிட்டுப்போன நிரலை நம்பியிருந்தோர் என் செய்வர்? அவர்கட்கெனவே 2006இல் ரொசெட்டா என்னும் மொழிபெயர்ப்பு நிரல் அமைந்தது. பவர்பிசிக் கட்டளைகளை இன்டெல் அறியுமாறு பெயர்த்துரைத்தது. 2011இல் வந்த லயன் இயங்குதளப் பதிப்பில் அதனை நீக்கிவிட்டனர். ஐந்தே ஆண்டுகள்! கணினி அதுவே, நுண்செயலி அதுவே. பதிப்பு மட்டுமே புதிது. இஃது அவசரம் என்றே நாம் கருதுகிறோம். பழைய நிரலை விட மனமில்லாதோர் பலர் 2009ஆம் ஆண்டின் ஸ்னோ லெப்பர்ட் பதிப்பிலேயே தங்கிவிட்டனர்.