கீரை டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு புட்டி

2013 ஜனவரி 9 அன்று பத்திரிகையாளர்களின் வாக்கெடுப்பில் ஒரு வீரர்கூட கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழ்க்கூடத்துக்குத் தேர்வாகவில்லை என்பதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். 762 ஹோம் ரன் அடித்த பாரி பாண்ட்ஸுக்குக் கிடைத்தது 36.2 சதவீதம். சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதை ஏழு முறை வாங்கிய ரோஜர் கிளெமென்ஸுக்கு 37.6. தேவையோ 75. இருவரையும் தடுத்தது ஸ்டீராய்டு சந்தேகம். அந்த நாளை இந்த வாரம் விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அன்று வாக்களித்த 569 பேரும் எங்கிருந்து வந்தவர்கள் என்பதைச் சொல்லாமல் அவர்கள் தீர்ப்பை எடைபோட முடியாது. பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் பத்து ஆண்டு உறுப்பினராக இருந்தவர்களுக்கே அங்கே வாக்கு. அவர்களில் பலர் 1998 கோடைக்காலத்திலும் அதே பேனாவோடு அதே உடைமாற்றும் அறைகளில் நின்றவர்கள். அந்தக் கோடையில் அவர்களுடைய சக நிருபர் ஒருவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். அவருக்கு என்ன நடந்தது என்பதைப் பார்த்துவிடுவோம்.

ஸ்டீவ் வில்ஸ்டீன், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நிருபர். மார்க் மெக்வயரும் சமி சோசாவும் ரோஜர் மாரிஸின் 1961ஆம் ஆண்டு சாதனையான 61 ஹோம் ரன்களைத் துரத்திக்கொண்டிருந்த நேரம். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் அறையில் மெக்வயரின் லாக்கரைச் சுற்றி நிருபர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். லாக்கர் திறந்தே கிடந்தது. மேல் தட்டில் பாப்பாய் படம் போட்ட கீரை டப்பா ஒன்று, சர்க்கரை இல்லாத சூயிங் கம் பாக்கெட்டுகள், அவற்றுக்குப் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு புட்டி. அந்தப் புட்டியை மறைத்து வைக்க மெக்வயர் கொஞ்சமும் மெனக்கெடவில்லை. அங்கே நின்ற எவர் கண்ணிலும் அது பட்டிருக்க முடியும். வில்ஸ்டீன் மட்டும் லேபிளில் இருந்த நீண்ட பெயரை எழுத்துக் கூட்டிக் குறித்துக்கொண்டார்: ஆண்ட்ரோஸ்டீன்டையோன்.

உடலுக்குள் போனதும் டெஸ்டோஸ்டிரோனாக மாறக்கூடிய பொருள் அது. அமெரிக்காவில் அப்போது மருந்துச் சீட்டு இல்லாமலே, சத்து மாவு விற்கும் கடையிலேயே வாங்கலாம். ஆனால் ஒலிம்பிக் குழு அதைத் தடை செய்திருந்தது. அமெரிக்கக் கால்பந்து லீக்கும் கல்லூரி விளையாட்டு அமைப்பும்கூடத் தடை செய்திருந்தன. பேஸ்பால் தடை செய்யவில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் குண்டு எறிதலில் தங்கம் வென்ற ராண்டி பார்ன்ஸ் இதே பொருளுக்காகச் சிக்கி ஆயுள் தடை பெற்றதும் அதே 1998இல்தான். ஒரே ஆண்டு, ஒரே மாத்திரை. ஒருவருக்கு விளையாட்டு வாழ்வே முடிந்தது. இன்னொருவருக்கு அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.

வில்ஸ்டீன் அவசரப்படவில்லை. அது என்ன பொருள், யார் யார் தடை செய்திருக்கிறார்கள் என்று விசாரித்து, ஆகஸ்ட் பிற்பகுதியில் எழுதினார். எழுதியதில் வசையும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. இருந்ததை இருந்தபடி சொன்னார். மெக்வயரும் ஓர் ஆண்டுக்கு மேலாக அதைச் சாப்பிடுவதாகவும், தனக்குத் தெரிந்த எல்லோரும் இதைத்தான் சாப்பிடுகிறார்கள் என்றும் ஒப்புக்கொண்டார்.

நியாயமாக அடுத்த நாள் பேஸ்பால் உலகமே அந்தப் புட்டியைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். பேசியதோ நிருபரைப் பற்றி. ஒரு வீரரின் லாக்கருக்குள் எட்டிப் பார்ப்பதா என்று பத்தி எழுத்தாளர்கள் சிலர் சீறினார்கள். கார்டினல்ஸ் மேனேஜர் டோனி லா ரூசா அந்தச் செய்தி நிறுவனத்தாரை அறைக்குள்ளேயே விடக் கூடாது என்று குதித்தார். கமிஷனர் பட் செலிக்கும் வீரர் சங்கமும் மெக்வயருக்குத் துணை நின்று, அந்தப் பொருளை ஆராய மருத்துவர்களை அமர்த்துகிறோம் என்றதோடு சரி. 1994 வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே ரத்தாகி, ரசிகர்கள் வெறுத்து ஒதுங்கியிருந்த ஆட்டத்துக்கு மறுபடியும் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தைக் கலைக்க ஒருவருக்கும் மனமில்லை.

செப்டம்பர் 8 அன்று மெக்வயர் 62ஆவதை அடித்தார். அந்த ஆண்டு அவர் அடித்தவற்றிலேயே குறைந்த தூரம் போனது அதுதான், 341 அடி. இடப்பக்கச் சுவரைத் தாழ்வாகத் தாண்டி விழுந்தது. பரவசத்தில் முதல் பேஸை மிதிக்க மறந்து, திரும்பி வந்து மிதித்துவிட்டு ஓடினார். ஹோம் பிளேட்டில் மகனை வாரித் தூக்கினார். எதிரணியில் ஆடிய சோசா ஓடிவந்து கட்டிக்கொண்டார். மாரிஸின் பிள்ளைகளை மெக்வயர் போய் அணைத்துக்கொண்டார். அன்று அங்கே இருந்திருந்தால் நானும் அழுதிருப்பேன். ஆண்டு முடிவில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் இருவரையும் ரோமானியர்போல் வெள்ளை அங்கி போர்த்தி அட்டையில் நிறுத்தியது. புட்டியை அதற்குள் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

பாண்ட்ஸ் கதையில் மூன்று வாரமாக நாம் தேடும் திருப்பம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. சட்டவிரோத மருந்துகள் கூடாது, ஸ்டீராய்டும் அதில் அடக்கம் என்று 1991இலேயே கமிஷனர் ஃபே வின்சென்ட் சுற்றறிக்கை விட்டாரே, விதி இருந்ததே என்று சிலர் கேட்பார்கள். பரிசோதனை கிடையாது, தண்டனைப் பட்டியல் கிடையாது. காவலே இல்லாத கதவில் ‘உள்ளே வராதே’ என்று சீட்டு ஒட்டியதற்கு மேல் அது ஒன்றுமில்லை. பெயர் குறிப்பிடாத முதல் பரிசோதனை நடந்ததே 2003இல். சிக்கினால் தண்டனை என்று வந்தது 2004இல். அதற்குப் பிறகு பிடிபட்ட ரஃபேல் பல்மேரோ, மேனி ராமிரெஸ் வரிசையை நான் தனியே வைக்கிறேன். அவர்கள் எழுதப்பட்ட விதியைத் தெரிந்தே மீறினார்கள். அவர்களுக்குக் கதவைச் சாத்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பாண்ட்ஸும் கிளெமென்ஸும் அப்படி ஒரு பரிசோதனையில் சிக்கித் தடை வாங்கியவர்கள் அல்லர். அவர்கள் நிரபராதிகள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் 1998இல் சாட்சியை விரட்டிய சபை 2013இல் நீதிபதியாக உட்கார்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மெக்வயருக்கு நடந்ததைப் பாருங்கள். 2005 மார்ச்சில் நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து, பழையதைப் பேச வரவில்லை என்று சொல்லிச் சொல்லியே நழுவினார். பார்க்கவே சங்கடமாக இருந்தது. 2010 ஜனவரியில் வாயைத் திறந்தார். பத்தாண்டுகளில் விட்டு விட்டு ஸ்டீராய்டு எடுத்தேன், 1998இலும் எடுத்தேன் என்றார். மாரிஸின் மனைவிக்கே போன் போட்டுச் சொன்னார். அந்த மாதம் அவருக்கு இருந்த வாக்கு 23.7 சதவீதம். உண்மையைச் சொன்ன பிறகு வந்த வாக்கெடுப்பில் அது 19.8 ஆனது. 2016இல் கடைசி வாய்ப்பும் 12.3 சதவீதத்தோடு முடிந்தது. வாய் திறக்காத பாண்ட்ஸுக்கு அதே ஆண்டு 44.3. ஒப்புக்கொண்டால் இறங்கும், மௌனமாக இருந்தால் ஏறும் என்பதை வாக்குச்சீட்டே வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

லா ரூசா? 2014இல் ஒருமனதாக உள்ளே போனார். அந்த அறையின் பொறுப்பு அவருடையது, அந்த லாக்கர் திறந்து கிடந்ததும் அவர் கண்முன்தான். அவர் வியூகத் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. மூன்று உலகத் தொடர்களை வென்றவர். ஆனால் அவரது வெண்கலத் தகடு அங்கே இருக்கும்போது, அவருக்காக ஹோம் ரன் அடித்தவர்களின் ஒழுக்கத்தைக் காரணம் காட்டும் பேச்சு எடுபடாது.

2016 டிசம்பரில் 16 பேர் கொண்ட குழு ஒன்று கூடி, பட் செலிக்கை 15 வாக்குகளோடு கூப்பர்ஸ்டவுனுக்கு அனுப்பியது. ஸ்டீராய்டு காலம் முழுக்க நாற்காலியில் இருந்தவர் உள்ளே போக, ஆடியவர்கள் வெளியே நின்றார்கள். அதைப் பார்த்த எழுத்தாளர்கள் சிலருக்கே பொறுக்கவில்லை. அடுத்த மாத வாக்கெடுப்பில் பாண்ட்ஸின் கணக்கு 53.8 சதவீதத்துக்குத் தாவியது. அந்தத் தாவல் 75க்குப் போய்ச் சேராமல் 66இல் ஏன் நின்றது, கடைசி ஆண்டில் டேவிட் ஓர்டிஸ் மட்டும் எப்படி நுழைந்தார் என்பது அடுத்த வாரம்.