குடந்தை இரயிலும் குப்பத்துக் கூடையும்

நூறாண்டுகளுக்கு முன்பு, மாலை மயங்கும் வேளையில் குடந்தை நகரை நோக்கி இரயில் வண்டி விரைந்தது. வண்டி கொள்ளாத கூட்டம். மகாமகம் காணவா? மோட்சம் தேடவா? அன்று, அன்று, நாடகம் காண! பாலாமணி அம்மாள் என்னும் கலையரசி நடத்திய குழுவின் ஆட்டத்தைப் பார்க்கத் திரண்டவர்கள் ஏறி வந்த வண்டிக்கு 'பாலாமணி ஸ்பெஷல்' என்றே பெயர் வழங்கிற்று. அக்குழுவினர் ஏறத்தாழ 70 பேர். அத்தனை பேரும் பெண்கள். அரசன் வேடமும் பெண்ணுக்கே, அமைச்சன் வேடமும் பெண்ணுக்கே. ஆதரவற்று நின்ற மகளிர் பலருக்கு அக்குழு வீடாகவும் சோறாகவும் விளங்கிற்று. பெண் மேடையேறினால் குலம் அழியும் என்று பகலிலே சாத்திரம் பேசிய பெருமக்களும் இரவிலே அந்த வண்டியில் இடம்பிடித்திருப்பர் என்பதில் நமக்கு ஐயமில்லை!

அந்த அம்மையார் இறுதி நாளில் மதுரையில் வறுமையுற்று மாண்டார் என்பர். அவர் அமைத்த வழி தொடர்ந்ததா? 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கினார். சிறுவர் குழுக்களின் காலம் ஓங்கிற்று. சீதையும் சிறுவன், சாவித்திரியும் சிறுவன். சுவாமிகளின் தமிழ்த் தொண்டைத் தாழ்த்துவது நம் நோக்கமன்று. பெண்ணின் கதையைப் பெண்ணே இல்லாமல் நடத்திவிடலாம் என்னும் பழக்கம் அங்கே வேரூன்றியது என்பதையே சுட்டுகிறோம்.

பழக்கம் எளிதில் மாயுமா? 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் பிறந்தது. 1993இல் தனியார் தமிழ் அலைவரிசை வந்தது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஓலைக்குடிசைக்குள்ளும் திரையைக் கொண்டு சேர்த்தது. திரையிலே இப்போது பெண்கள் நிறைந்திருக்கிறார்கள், உண்மை. ஆனால் எப்படிப்பட்ட பெண்கள்? மருமகளுக்கு நஞ்சு கலக்கும் மாமியார், நாத்தியைக் கவிழ்க்க நாள் பார்க்கும் அண்ணி! நான்கு பெண்கள் ஓரறையில் கூடினால் அங்கே சதி ஒன்று உருவாகியே தீரவேண்டும் என்பது எழுதப்படாத இலக்கணம். பெண்ணுக்குப் பெண்ணே பகை என்று மனு பேசாத குறையை மாலை ஏழு மணிக்குப் பேசி முடிக்கிறார்கள்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2002 முதல் 2005 வரை ஓடிய 'மெட்டி ஒலி' ஐந்து சகோதரிகளின் கதை. எனினும் அவர்களின் இன்பமும் துன்பமும் மணவாழ்வு என்னும் ஒரே முளையில் கட்டப்பட்டிருந்தன. 2022இல் தொடங்கி 2024 வரை நடந்த 'எதிர்நீச்சல்' ஒரு படி முன்னேறியது. ஒரே கூரையின்கீழ் அடங்கிக் கிடந்த மருமக்கள், பகையை விடுத்துத் தோளோடு தோள் சேர்ந்தனர். பாராட்டுகிறோம். ஆயினும் நடந்ததென்ன? அவர்களை அடக்கிய ஆதி குணசேகரனின் பேச்சே ஊரெங்கும் எதிரொலித்தது. மறைந்த மாரிமுத்துவின் நடிப்பாற்றல் அத்தகையது. அதில் குறை காணோம். தளை பூட்டியவன் பெயர் நாவில் நிற்க, தளை அறுத்தவர் பெயர் ஏன் மங்கிற்று என்பதே நம் கேள்வி.

கடல் கடந்து பார்ப்போம். 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் சப்பானியரிடம் சிறைப்பட்ட மகளிரின் கதையை, 'டெங்கோ' என்னும் தொடராக 1981இல் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் வழங்கியது. கிழவியும் குமரியும், செவிலியும் சீமாட்டியுமாகப் பசியையும் நோயையும் பகிர்ந்துகொண்ட கூட்டமே அங்குக் கதைத்தலைமை. அதே சிங்கப்பூரில் 1943இல் சான்சிராணிப் படை அமைந்தபோது, மலாயாத் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினரே! 1938இல் சென்னையில் பெண்கள் மாநாடு கூட்டி, தொடர்ந்து மறியல் செய்து சிறை புகுந்த தருமாம்பாளும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அவர்தம் தோழியரும் இருந்தனரே! மாமியார் சதிக்குக் கிடைத்த நேரத்தில் நூற்றில் ஒரு பங்காவது இவர்களுக்குக் கிடைத்ததா?

பழங்கதை வேண்டாம், வாழும் கதை வேண்டும் என்போரைப் பழவேற்காட்டுக்கு அழைக்கிறோம். ஏரிக்கும் கடலுக்கும் இடையே மணல்மேட்டில் கிடக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். அந்த வட்டாரத்தில் வரலாறு மிகுதி. 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்திரியாக் கோட்டையின் சிதைவு உண்டு. கல்லறைகளில் அவர்தம் பெயர் பொறித்த கற்கள் உண்டு. மீன் சுமந்து அந்த ஊரை வாழ்வித்த பெண்ணுக்குக் கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை. ஏரியில் எவர், என்று, எங்கே வலையிடுவது என முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' வழக்கம் அங்கே பழமையானது. அறிஞர்கள் வியந்து ஆராய்ந்தது. அந்தப் பங்கோ ஆண் தலைக்கட்டுக்கே உரியது. படகு கரைசேர்ந்தபின் மீனைக் காசாக்கும் கை யாருடையது? ஏலத்தில் குரல் கொடுப்பவள், கூறு கட்டுபவள், பனிக்கட்டி இட்டுக் கூடையைத் தலையேற்றிச் சந்தைக்கு விரைபவள் யார்? ஏரியின் ஆழமற்ற நீரில் அமிழ்ந்து, கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியிலே போடும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். பனையோலை கிழித்துப் பெட்டி முடையும் இசுலாமியப் பெண்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். மூன்று சமூகம், ஓர் ஏரி!

அவர்களிடையே சண்டை இல்லையா? உண்டு. ஏலக்கரையிலே எழும் சொற்போர் எந்த நாடக ஆசிரியனையும் நாணச்செய்யும். காலையில் சண்டையிட்டவளே மாலையில் கைமாற்றுக் கொடுப்பாள். சாவு விழுந்த வீட்டில் முதல் ஆளாய் நிற்பாள். நாற்பதிலும் அறுபதிலும் பெண்ணுக்குத் தொழில் உண்டு, கடன் உண்டு, துணிவு உண்டு, நகைச்சுவை உண்டு, காதலும்கூட உண்டு. இவற்றில் எது இன்றைய திரைக்குத் தெரிகிறது?

விளம்பரம் தரும் முதலாளிகள் ஏற்கமாட்டார்கள் என்பர் சிலர். 70 பெண்களைக் காண இரயில் விட்ட நாட்டில் இந்தப் பேச்சு எடுபடாது. ஏரி முகத்துவாரம் மணலால் தூர்ந்து, படகுகள் கடலுக்குள் செல்ல வழியற்று முடங்கும் நாள்கள் பழவேற்காட்டில் உண்டு. அத்தகைய ஒரு நாளில், மீனே வராத ஏலக்கரையிலே ஆறு பெண்கள் வெறுங்கூடையோடு நின்று, இன்று உலை வைப்பதெப்படி என்று கலந்து பேசுகிறார்கள். முதல் பகுதியை அங்கே தொடங்கட்டும்.