கோமாரியின் பாடபேதங்கள்

2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரு பண்ணை மாடுகளுக்குக் கோமாரி வந்தது. நம்ம பக்கம் காணை என்பார்களே, அதேதான்: வாயில் எச்சில் ஒழுகும், குளம்பில் புண் வரும், பால் வற்றிவிடும். 2001இல் இதே நோயை ஒழிக்க 60 லட்சத்துக்கும் மேலான கால்நடைகளைக் கொன்ற நாடு அது. யார் கொண்டுவந்தது என்ற கேள்வி உடனே கிளம்பியது.

வைரஸின் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்தால், அப்போது உலகில் சுற்றிக்கொண்டிருந்த வகையே இல்லை. 1967இல் அங்கே பரவி, பிறகு ஆய்வுக்கூடங்களில் மட்டும் தங்கிப்போன வகை. சில மைல் தள்ளிப் பிர்பிரைட்டில் கோமாரி ஆய்வு நிலையமும் தடுப்பூசிக் கூடமும் ஒரே வளாகத்தில் இருந்தன. அங்கே கழிவுநீர்க் குழாய் கசிந்திருந்தது. பண்ணைக்காரர் தலை தப்பியது.

இது எப்படி முடிகிறது? இந்த வைரஸின் மரபணு சுமார் 8,400 எழுத்து. நகலெடுக்கும்போது பிழை விழும், திருத்த ஆளில்லை. ஓலைச்சுவடியில் ஒருவர் விட்ட பிழையை அடுத்தவர் அப்படியே எழுதி, தன் பங்குக்கு ஒன்று சேர்ப்பாரே, அதே கதை. உ.வே.சா. ஒப்பிட்டுப் பார்த்த பாடபேதங்கள்தான் இங்கேயும் வம்சம் சொல்கின்றன. என் தொழிலில் கிட் ஹிஸ்டரி என்போம். ஆனால் வைரஸ் கமிட் மெசேஜ் எழுதி வைப்பதில்லை. சர்ரேயில் செப்டம்பரில் நோய் திரும்பியபோது, பழைய வைரஸிலிருந்து அது கொஞ்சம் அதிகமாகவே விலகியிருந்தது. நடுவில் ஒரு சுவடி காணோம் என்று கணித்தார்கள். நோய் வந்து ஆறிப்போன மாடுகளோடு அந்தப் பண்ணை பிறகு அகப்பட்டது.

2013இல் தமிழகம், கர்நாடகம், கேரளம் மூன்றையும் கோமாரி ஒரு கை பார்த்தது. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் அம்மாச்சி ஊரில், சந்தையிலிருந்து மாடு பிடித்து வந்த ஒருவரைத்தான் எல்லாரும் கைகாட்டினார்கள். "இந்தாளு மாட்டாலதான் வந்துச்சு." அவர் வீட்டில் பால் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள்.

தென்மாநிலச் சாம்பிள்களில் வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான சுமார் 630 எழுத்துகளை மட்டும் படித்தே, அது ஓ வகையில் இந்த்2001டி கிளை என்று கண்டார்கள். அதே கிளை அந்த வருடம் லிபியாவிலும் சவூதியிலும் இருந்தது. கடல் தாண்டிய தடம் தெரிகிறது, சந்தைக்கும் ஊருக்கும் இடையே உள்ள தடம் தெரியாது! அந்த ஊரில் யாரும் சாம்பிள் எடுக்கவில்லை, எந்த மாடு எந்த லாரியில் வந்தது என்று எழுதி வைக்கவும் இல்லை. முழு 8,400 எழுத்தையும் பக்கத்துப் பக்கத்து ஊர் மாடுகளில் படித்திருந்தால்தான் அந்த மனுஷனைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும்.

இப்போது மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை தொங்குகிறது. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஊசி போட்ட கணக்கு அந்த எண்ணில் ஏறுகிறது. புண்ணிலிருந்து எடுக்கும் சாம்பிளும், மாடு கைமாறிய சந்தையும் அதே எண்ணில் ஏற வேண்டும்.